பை பிடித்து நிற்பவருக்கும் பாருங்கள்

புறநோயாளிப் பிரிவில் நான் அடிக்கடி காணும் காட்சி இது. கணவரின் கையில் இரத்த அழுத்தக் கருவியின் பட்டை சுற்றப்படுகிறது. மருந்துச் சீட்டுகள் அடங்கிய பையுடன் மனைவி அருகில் நிற்கிறார். “இவருக்கு உப்புக் குறைத்துத் தனியாகத்தான் சமைக்கிறேன், டாக்டர்” என்கிறார். “நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?” என்றால் சிரிப்புதான் முதலில் வருகிறது. “எனக்கென்ன, மீந்த குழம்பும் ஊறுகாயும் போதும்.” அவருக்குக் கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது? பிரசவத்தின்போது.

உயர் இரத்த அழுத்தம் ஆண்களின் நோய் என்ற எண்ணத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாதவிடாய் நிற்கும் வயது வரை பெண்களின் இரத்த அழுத்தம், சராசரியாக, அதே வயது ஆண்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அதன்பின் இந்த வேறுபாடு சுருங்குகிறது. முதுமையில் பெண்களே இந்நோய்க்கு அதிகம் ஆளாகின்றனர்.

இதில் சிறுநீரகத்தின் பங்கு பெரிது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பு ஒரு கிலோவுக்கும் மேல்! அதில் 99 விழுக்காட்டிற்கும் மேலானதை உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, நாம் உண்ட அளவுக்கு ஈடான சிறு பகுதியை மட்டும் வெளியேற்றுகிறது. பெண்களுக்கு இப்பணியில் ஈஸ்ட்ரோஜன் துணை நிற்கிறது. இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, உப்பைத் தேக்கிவைக்கத் தூண்டும் சுரப்புகளை மட்டுப்படுத்துகிறது. மாதவிடாய் நின்றதும் அத்துணை குறைகிறது. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளும் குறைந்துவருகின்றன. இது இருபாலருக்கும் பொது. ஆகவே முப்பது வயதில் தீங்கின்றிக் கழிந்த அதே ஊறுகாய், அறுபதில் அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.

எனவே ஒரே வீட்டில் இரு குழம்பு வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது அவருக்கு இரட்டை வேலை. பயனோ ஒருவருக்கு மட்டும். வீட்டுக்கே ஒரு குழம்பு, அதில் உப்புக் குறைவு என்று இருக்கட்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்பளம், வற்றல், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இக்கணக்கில் சேரும். இந்துப்பும் உப்புதான், விலை மட்டுமே வேறு.

ஆனால் உப்பை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது. முதிர்ந்த சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதில் மட்டுமன்று, தேவைப்படும்போது காத்து வைப்பதிலும் தளர்கிறது. நீர் பிரிக்கும் மாத்திரை உண்ணும் மூதாட்டிகளுக்குச் சோடியம் மிகவும் குறைந்து, தூக்கக் கலக்கமும் குழப்பமும் வருவதுண்டு. “வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார்” என்று வீட்டில் விட்டுவிடாதீர்கள்; உடனே அழைத்து வாருங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் தொடவே வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது, பை பிடித்து நிற்பவரையும் நாற்காலியில் அமரச் சொல்லுங்கள். பட்டையைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கருவுற்றிருந்த காலத்தில் அழுத்தம் உயர்ந்திருந்ததா என்பதையும் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியாயினும் அது எங்களுக்கு வேண்டும். அத்தகையோருக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.