பள்ளியின் மார்க்கை யார் பார்ப்பது?

பிள்ளையின் மார்க் பெற்றோருக்கு வருகிறது. பள்ளியின் மார்க் மேலதிகாரிக்குப் போகிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. வழக்கம்தான் தருவதில்லை.

பொன்முடி மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏறுவதற்கு முன் வரும் கடைவீதி, வித்துரா. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தூரம். நெடுமங்காடு தாலுகாவைச் சேர்ந்த இந்த ஊராட்சிக்குள் மூன்று உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள் போட்டி போட்டு வந்து சேரும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். இரண்டாவது, காட்டோரங்களில் காணிக்காரர் குடியிருப்புகள். மூன்றாவது, போனக்காட்டின் முடங்கிப்போன தேயிலைத் தோட்டமும் அதன் பழைய லயங்களும். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறைகள் வளர்ந்தது அங்கேதான்.

முதல் உலகத்துக்குள் நுழைய மற்ற இரண்டு உலகங்களின் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே வாசல் உள்ளூர்ப் பள்ளிக்கூடம். அந்த வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

கேரளப் பள்ளிகளில் ஆண்டுக்கு மூன்று பரீட்சைகள்: ஓணம், கிறிஸ்துமஸ், ஆண்டுத் தேர்வு. பரீட்சை முடிந்ததும் வகுப்பு வாரியாகப் பெற்றோர் கூட்டம் கூடும். கிளாஸ் பி.டி.ஏ. என்பார்கள். விடைத்தாளைக் காட்டுவார்கள், கிரேடைச் சொல்வார்கள், கையெழுத்து வாங்குவார்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் வருமானம். அதைவிட்டுத்தான் வருகிறார்கள்.

வந்தவர்களுக்கு என்ன தெரிந்தது? 2024 வரை பெரும்பாலும் நல்ல செய்திதான். எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2024-ல் 99.69 சதவீதம். அதற்குக் காரணங்களில் ஒன்று கணக்கு முறை. 50 மார்க் பாடம் ஒன்றில் எழுத்துத் தேர்வுக்கு 40, ஆண்டு முழுக்க நடக்கும் தொடர் மதிப்பீட்டுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். தொடர் மதிப்பீட்டில் பத்துக்குப் பத்தும் கிடைத்துவிட்டால், எழுத்துத் தேர்வில் வெறும் 5 எடுத்தாலே 15 ஆகிவிடும். 30 சதவீதம், தேர்ச்சி. பிள்ளை பாஸ் என்று பெற்றோர் நிம்மதியாக வீடு திரும்பலாம். அவனுக்குப் பாடம் தெரியுமா என்பது வேறு விஷயம்.

2024 ஆகஸ்டில் மாநில அமைச்சரவை இதை மாற்றியது. எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 சதவீதம் எடுக்க வேண்டும் என்றது. முதலில் எட்டாம் வகுப்பு, பிறகு ஒன்பது, பத்து என்று படிப்படியாகக் கொண்டுவருவது திட்டம். மேலே சொன்ன கணக்குப்படி இனி 40-க்கு 12 எடுத்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் முதல் முறையாக எட்டாம் வகுப்புப் பெற்றோரைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை இன்னின்ன பாடத்தில் பின்தங்கியிருக்கிறான் என்று பள்ளிகள் வெளிப்படையாகச் சொல்லின. சொன்னதோடு நிற்கவில்லை. கோடை விடுமுறையில் தனி வகுப்பும், மாதக் கடைசியில் மறுதேர்வும் நடந்தன. கசப்பான உண்மையைச் சொல்லும்போது கையிலேயே மருந்தையும் வைத்துக்கொண்டு சொன்னது நல்ல முறை.

ஆனால், இது பாதிக் கதை. பையன் கணக்கில் 12 எடுக்கவில்லை. சரி, கணக்கு ஆசிரியர் எத்தனை மாதம் இல்லாமல் இருந்தார்? ஆய்வகம் திறந்திருந்ததா? நூலகப் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்ததா? இதையெல்லாம் எழுதி வைக்கத்தான் இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது. தொடக்க நிலைப் பள்ளிகளை உதவிக் கல்வி அதிகாரியும், உயர்நிலைப் பள்ளிகளை மாவட்டக் கல்வி அதிகாரியும் ஆய்வு செய்வது கேரளத்தின் பழைய ஏற்பாடு. தமிழ்நாட்டில் 'ஆண்டாய்வு' என்றால் எல்லோருக்கும் தெரியும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், நோட்டுகளைத் திருத்தி அடுக்குவார்கள். அதிகாரி வருவார், பார்ப்பார், குறிப்பு எழுதுவார். தலைமையாசிரியர் பதில் எழுதுவார். காகிதம் ஃபைலுக்குள் போய்விடும். பிள்ளையின் குறையைக் கேட்க வந்த அம்மாவுக்குப் பள்ளியின் குறையை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

சட்டம் இப்படி நினைக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டிச் சொல்வதை ஆசிரியரின் கடமை ஆக்கியிருக்கிறது. 21-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய இடம். பள்ளி எப்படி நடக்கிறது, பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அவர்கள் வேலை. உதவி பெறும் பள்ளிகளில் மட்டும் இந்தக் குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். 2012-ல் வந்த திருத்தம் அது. அத்தகைய பள்ளிகள் ஏராளமாக உள்ள கேரளத்தில் இது சின்ன ஓட்டை அல்ல.

பள்ளியே தன்னை மதிப்பிட்டுக்கொள்ள 'ஷாலா சித்தி' என்ற திட்டத்தை மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்தது. கட்டட வசதி, கற்பித்தல், சமூகப் பங்கேற்பு என்று ஏழு தலைப்புகள். நோக்கம் நல்லது. ஆனால், கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்ட மதிப்பீடு லயத்து வாசல்வரை நடந்து வருவதில்லை.

சொன்னால் பலன் உண்டா? உண்டு என்கிறது பாகிஸ்தான் பஞ்சாபில் 112 கிராமங்களில் நடந்த ஒரு சோதனை. அதில் பாதிக் கிராமங்களில் பிள்ளையின் மார்க்கோடு, அவன் படிக்கும் பள்ளியின் சராசரியையும் ஊரில் உள்ள மற்றப் பள்ளிகளின் சராசரியையும் ஒரே அட்டையில் அச்சிட்டுப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். பிள்ளைகளின் மார்க் உயர்ந்தது. தனியார் பள்ளிக் கட்டணம் 17 சதவீதம் இறங்கியது. அதே காலகட்டத்தில் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த சோதனை வேறு பாடம் சொன்னது. கல்விக் குழுவின் அதிகாரங்களை ஊர்க் கூட்டத்தில் விளக்கினார்கள், பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க ஊராருக்கே கற்றுக்கொடுத்தார்கள். அரசுப் பள்ளியில் எதுவும் அசையவில்லை. ஊர் இளைஞர்கள் மாலையில் நடத்திய வாசிப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள்.

வித்துராவுக்கு இரண்டும் பொருந்தும். வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்ட, காட்டுக் குடியிருப்புப் பெற்றோருக்கு வேறு பள்ளி பக்கத்தில் இல்லை. ஆகவே குறையைச் சொல்லும் கூட்டத்திலேயே, யார், எப்போதுக்குள் சரிசெய்வார் என்பதும் முடிவாக வேண்டும்.

வெளியிடுவதிலும் எச்சரிக்கை தேவை. இங்கிலாந்தில் 1990-களிலிருந்து ஆய்வு அறிக்கைகள் பெற்றோருக்குப் பகிரங்கம். ஆனால், முழுப் பள்ளிக்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதினார்கள். 2023 ஜனவரியில் ரெடிங் நகரத் தலைமையாசிரியை ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அதில் ஆய்வுக்குப் பங்கு உண்டு என்று விசாரணை அதிகாரி கூறினார். 2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் தீர்ப்பு கைவிடப்பட்டது. ஆசிரியரைக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல, வகுப்பைச் சீராக்குவதற்காகவே அறிக்கை என்பதை இங்கேயும் முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பக்கத் தாள் போதும். அதிகாரி வந்த தேதி, கண்ட குறைகள், சரிசெய்தவை, மிச்சமிருப்பவை. மொழி எளிமையாக இருக்க வேண்டும். மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ் வேண்டுவோருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். வருகையும் முன்னேற்றமும் பெற்றோரின் செல்போனுக்கே வர 'சம்பூர்ணா பிளஸ்' இருக்கிறது. ஆனால், சிக்னல் எட்டாத இடத்துக்கு மனிதர்தான் போக வேண்டும். பள்ளிக்கு வர முடியாத பெற்றோரைத் தேடி அவர்கள் தெருவிலேயே கூட்டம் போடும் 'கார்னர் பி.டி.ஏ.' கேரளம் கண்டுபிடித்த நல்ல பழக்கம். போனக்காட்டு லயத்திலும் காணிக் குடியிருப்பிலும் அது தவறாமல் நடந்தால், ஒரு நாள் கூலியும் மிச்சம்.

முன்னேற்ற அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. பார்த்தேன், தெரிந்துகொண்டேன் என்பதற்கு அது சாட்சி. பள்ளியின் ஆய்வு அறிக்கையிலும் அப்படி ஒரு கோடு வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.