நிறுத்திப் பார்க்கும் உரிமை யாருக்கு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதலும், பெரும்பாலான மற்ற விதிகள் 2027 டிசம்பர் 11 முதலும் பொருந்தும். விற்ற பொருளுக்கு அப்டேட்டே தராமல் கைகழுவும் வழக்கத்துக்கு இது முடிவுகட்டும். அந்த அளவில் சட்டத்தை வரவேற்கிறோம்.

நம் கவலை சட்டத்தின் முதல் இணைப்பில் உள்ள ஒரு வரியைப் பற்றியது. வெளி இடைமுகங்கள் உட்பட, தாக்குதலுக்கு இடம்தரும் பரப்பைக் குறைக்க வேண்டும் என்கிறது அது. இதைக் காட்டியே, ஓடும் பிராசஸில் டிபக்கர் அட்டாச் ஆகும் வழியை அடை, சிப்பின் ஜேடேக் டிபக் வழிக்கான ஃபியூஸை எரி என்று உத்தரவுகள் வரும்.

டிபக்கர் வைத்த பிரேக்பாயிண்டில் கட்டுப்பாடு எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். எக்ஸ்86 லினக்ஸில் சிபியு இன்ட்3 பைட்டை எட்டியதும் ட்ராப் விழுகிறது. கெர்னல் அந்தத் திரெட்டை நிறுத்தி, வெயிட்பிட்டில் காத்திருக்கும் டிபக்கரை எழுப்புகிறது. டிபக்கர் பழைய பைட்டைத் திரும்ப வைத்து, இன்ஸ்ட்ரக்‌ஷன் பாயிண்டரை ஒரு பைட் பின்னால் இழுத்து, சிங்கிள் ஸ்டெப் நடத்தி, இன்ட்3-ஐ மறுபடி செருகி ஓடவிடுகிறது. இதில் அப்ளிகேஷனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அட்டாச் அனுமதியும் கெர்னல் கையில்தான்: யூசர் ஐடி, கேப்பபிலிட்டி, யாமா என்ற பாதுகாப்பு மாட்யூல். 2010-ல் உபுண்டு 10.10 கொண்டுவந்த கட்டுப்பாட்டில் சாதாரண யூசர் தன் பிராசஸுக்குப் பிறந்தவற்றை மட்டுமே அட்டாச் செய்யலாம்; ரூட்டுக்குத் தடையில்லை. பூட்டு உண்டு, சாவி இயந்திரத்தின் சொந்தக்காரரிடம். பாதுகாப்பு என்றால் இதுதான்.

எரிந்த ஃபியூஸுக்குச் சாவியே கிடையாது. ஒரு திரெட்டுக்கு ஒரு டிரேசர்தான் என்பதால், துணை பிராசஸ் ஒன்றை விட்டுத் தன்னையே டிரேஸ் செய்யவைத்து இடத்தை அடைத்துக்கொள்ளும் அப்ளிகேஷன்களும் அதே ஜாதி. பைனரியைத் திருத்தத் தெரிந்த தாக்குபவரை அந்தத் தந்திரம் தடுக்காது. நள்ளிரவில் தொங்கிப்போன பிராசஸின் முன் உட்கார்ந்திருக்கும் சப்போர்ட் எஞ்சினியரைத்தான் தடுக்கும். அட்டாச் செய்து, எல்லாத் திரெட்டுகளின் பேக்டிரேஸையும் எடுத்து, டிடாச் செய்தால் பிராசஸ் விட்ட இடத்திலிருந்து ஓடும். அந்த வழி இல்லையென்றால் ரீஸ்டார்ட்தான். மெமரியில் இருந்த தடயம் அத்தோடு போயிற்று.

இதே சட்டம்தான், தாக்குதலில் பயன்படும் ஓட்டை தெரியவந்த 24 மணி நேரத்தில் முன்னெச்சரிக்கையும் 72 மணி நேரத்தில் விவரமும் கேட்கிறது. மணிக்கணக்கு எழுதியவர்கள், விவரத்தை எதைப் பார்த்துத் திரட்டுவது என்று யோசித்தார்களா? அந்த இணைப்பில் டிபக்கிங் பற்றிப் பேச்சே இல்லை. காசு கொடுத்து வாங்கியவரின் குரலும் பழுதுபார்ப்பவரின் குரலும் இப்படித்தான் ஒவ்வொரு முறையும் விடுபடுகின்றன. மௌனத்துக்குப் பொருள் சொல்லும் வேலை உற்பத்தியாளரிடம் போய்ச் சேருகிறது. இத்தனை ஆண்டுகளாகச் சொல்லியும் அதிகாரத்தில் இருப்பவர்கள் காதில் விழவில்லை.

சட்டத்துக்கான தரவரையறைகளை எழுதும் பொறுப்பு சென், செனலெக், எட்ஸி அமைப்புகளிடம் உள்ளது. சென்னையிலும் கோவையிலும் ஐரோப்பியச் சந்தைக்கு ஃபர்ம்வேர் எழுதும் வாசகர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த டிசைன் ரிவ்யூவிலேயே, சொந்தக்காரரின் கையொப்பச் சாவியால் திறக்கும் டிபக் வழி ஒன்று இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.