'சிட்டிசன்ஷிப் வரும்வரை பொறுத்துக்கோ' என்று சொல்லலாமா?

அமெரிக்க மாப்பிள்ளை என்றால் நம் வீடுகளில் இன்றைக்கும் தனி மவுசுதான். சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா, கிரீன் கார்டா, சிட்டிசனா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால், குடித்தனம் சரியாக அமையாவிட்டால் நம் பெண் அந்த ஊரில் எந்த உரிமையோடு நிற்பாள் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? 'நல்ல காரியம் பேசும்போது அதையெல்லாம் ஏன் கேட்கணும்?' என்று விட்டு விடுகிறோம்.

எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கிரீன் கார்டு வாங்கி நான்காவது வருஷம் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தாள். நேர்காணலுக்குக் காத்திருந்தபோது, கணவனோடு இனி சேர்ந்து இருக்கவே முடியாது என்ற நிலைமை. ஊரில் பெரியவர்கள் சொன்ன ஒரே புத்திமதி, 'பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடு. சிட்டிசன்ஷிப் கைக்கு வந்ததும் பார்த்துக்கலாம்' என்பதுதான். இது சரியா என்று, அங்கேயே பல வருஷமாக இருக்கும் என் நாத்தனார் மகளிடம் விவரமாகக் கேட்டேன். தெரிந்து கொண்டதைச் சகோதரிகளுக்கும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் குடியுரிமை கேட்க இரண்டு கணக்கு உண்டு. கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் ஆகியிருந்தால் பொதுவான வழியில் கேட்கலாம். கணவன் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் 3 வருஷமே போதும். ஆனால் இந்தச் சலுகை சும்மா வருவதில்லை. மனு போடுவதற்கு முந்தைய 3 வருஷமும் இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாள்வரை அந்தக் கல்யாணம் நிலைத்திருக்க வேண்டும். நேர்காணல் முடிந்து, பிரமாணத்துக்குத் தேதி குறித்த பிறகுகூட விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால், 3 வருஷக் கணக்கு செல்லாது.

5 வருஷக் கணக்கில் மனு போட்டவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வேலை விசாவில் போன கணவனோடு சேர்ந்து கிரீன் கார்டு வாங்கிய நம்ம ஊர்ப் பெண்கள் பலரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். கார்டு முறையாகக் கிடைத்திருந்தால், பின்னால் பிரிந்தார்கள் என்பதற்காக அது போய்விடாது. ஆனால் கிரீன் கார்டே வராமல், எச்-4 விசாவில் மனைவியாக இருப்பவளின் நிலைதான் பாவம். விவாகரத்து ஆனால் அந்த விசாவும் போய்விடும்.

ஆக, எங்கள் உறவுக்காரப் பெண் இழந்தது என்ன? முன்னே கட்டிய பணமும், ஒன்றிரண்டு வருஷக் காத்திருப்பும்தான். 5 வருஷம் முடிந்ததும் தன் பெயரில் புதிதாக மனு போட்டாள். இதற்காகவா ஒருத்தி தினம் தினம் செத்துப் பிழைக்க வேண்டும்? இன்னொன்றும் யோசியுங்கள். பிரிந்த பிறகும் 'சேர்ந்துதான் இருக்கிறோம்' என்று அதிகாரி முன் சத்தியம் செய்து பொய் சொன்னால், மனு தள்ளுபடியாகும். குடியுரிமை கிடைத்த பிறகு தெரிந்தாலும் ரத்தாகலாம். பெரியவர்கள் நல்லதுக்குச் சொல்லும் யோசனை, பெண்ணின் தலையிலேயே விடியும்.

புதிதாகக் கல்யாணமாகிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு கிரீன் கார்டு கிடைக்கும்போது கல்யாணமாகி 2 வருஷம் ஆகியிருக்காவிட்டால், 2 வருஷத்துக்கான கார்டுதான் தருவார்கள். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், இருவரும் சேர்ந்து மனு போட்டு அதை நிரந்தரமாக்க வேண்டும். 'கையெழுத்துப் போட மாட்டேன்' என்று மிரட்டும் கணவன்மார் இங்கேதான் பிடியை வைத்திருக்கிறார்கள். ஆனால் விவாகரத்து ஆகிவிட்டாலும், கொடுமை நடந்தாலும், மனைவி தனியாகவே மனு போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. கல்யாணம் உண்மையாக நடந்தது, வாழ்ந்தோம் என்று காட்ட வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், போட்டோக்கள் எல்லாம் அப்போது கை கொடுக்கும்.

அடி உதைக்கு ஆளான பெண்களுக்காக 1994-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது. குடிமகனான கணவன் கொடுமைப்படுத்தினால், அவன் தயவில்லாமல் தானே கிரீன் கார்டுக்கு மனு போடலாம். அப்படிக் கார்டு வாங்கியவள், கணவனோடு சேர்ந்து வாழாவிட்டாலும் 3 வருஷக் கணக்கிலேயே குடியுரிமை கேட்கலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. கனடாவில் நிரந்தரமாய்க் குடியேறியவர், 5 வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியக் கணக்கு. கல்யாணத்தை வைத்து அங்கே தனிச் சலுகையும் இல்லை, தனிக் கட்டுப்பாடும் இல்லை. புதுமணத் தம்பதிகள் 2 வருஷம் சேர்ந்து இருந்தே தீர வேண்டும் என்று 2012-ல் அங்கேயும் ஒரு நிபந்தனை போட்டார்கள். கொடுமையைச் சகித்துக்கொண்டு பெண்கள் மாட்டிக் கொள்கிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. 2017-ல் அதை எடுத்தே விட்டார்கள்.

நம்ம நாட்டுச் சட்டம் மட்டும் என்ன? இந்தியரைக் கட்டிய வெளிநாட்டு மருமகளுக்கு, அந்தக் கல்யாணத்தை வைத்துக் கொடுத்த ஓ.சி.ஐ. கார்டை, விவாகரத்து ஆனால் ரத்து செய்யலாம் என்று 2015-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் பெண்ணுக்கு ஒரு நியாயம், வந்த பெண்ணுக்கு ஒரு நியாயமா?

கல்யாணத்தில் பொய் இருக்கிறதா என்று அரசாங்கம் பார்ப்பது தப்பில்லை. ஏமாற்றுக் கல்யாணங்களும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தச் சோதனையின் சாட்டை கணவன் கையில் போய்ச் சேருவதுதான் கொடுமை.

பெண்ணைப் பெற்றவர்களே! நகைக்கும் மண்டபத்துக்கும் ஓடும் ஓட்டத்தில், பெண் எந்த விசாவில் போகிறாள், எத்தனை வருஷக் கணக்கு என்று ஒரு வக்கீலிடம் கேட்டு வையுங்கள். பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், மனு நகல் எல்லாவற்றிலும் ஒரு பிரதி அவள் கையிலும், ஒன்று உங்கள் பீரோவிலும் இருக்கட்டும். அவள் போன் செய்து அழும்போது, 'பொறுத்துக்கோ' என்பதற்கு முன், 'எந்தக் கணக்கில் மனு போட்டிருக்கே?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவளுக்கு எவ்வளவோ தைரியம் கொடுக்கும்.

- ஓர் இல்லத்தரசி, கும்பகோணம்.