நிறுத்தியிருக்க வேண்டும்

நண்பரின் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரகடம் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் டிரெய்னியாக இருந்தான். ஒரு நாள் இரவு ஷிஃப்டின் முடிவில் பிரஸ் மெஷினில் அச்சு உடைந்துபோயிற்று. யாருக்கும் காயமில்லை. மறுநாள் மெமோ கொடுத்தார்கள். அவன் தமிழில் விளக்கம் எழுதினான்: 'ஷிஃப்ட் முடியும்போது நான் மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். சரியாக ஞாபகம் இல்லை.' அலுவலகத்தில் அதை ஆங்கிலமாக்கியவர் முதல் வாக்கியத்துக்கு 'ஐ ஷுட் ஹேவ் ஸ்டாப்ட் த மெஷின்' என்று எழுதினார். இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிட்டார். அவனுடைய பயிற்சிக் காலம் நீட்டிக்கப்படவில்லை.

கடிதத்தின் இரு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு அவன் எங்களிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் சொல்ல வந்தது 'மஸ்ட் ஹேவ்'. வழக்கமாக நிறுத்துகிறவன்தான், அன்றும் நிறுத்தியிருப்பேன், ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை என்பது பொருள். ஆங்கிலத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர்மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தமிழ் வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது. 'சாவியை நான்தான் எங்கேயோ வைத்திருக்க வேண்டும்' என்று வீட்டில் சொன்னால் அது ஊகம். 'சாவியை நான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்' என்றால் வருத்தம். வினைமுற்று ஒன்றுதான். 'எங்கேயோ', 'பத்திரமாக' என்ற சொற்களும் குரலின் ஏற்ற இறக்கமுமே பொருளைத் தீர்மானிக்கின்றன. காகிதத்தில் குரல் இல்லை.

'சொல்லியிருக்கலாம்' என்பதும் இப்படித்தான். ஒருவேளை சொன்னாரோ என்னவோ என்பதும் அதுவே, சொல்லாமல் விட்டாரே என்ற குறைப்பாடும் அதுவே.

இதைக் கேட்டதும் நம் இலக்கிய நண்பர்களில் ஒரு சாரார், ஆங்கிலத்தில் எத்தனை நுட்பம், தமிழில் இல்லையே என்று பெருமூச்சு விடுவார்கள். அவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. அதே வினையை எதிர்மறையில் சொல்லிப் பாருங்கள். 'நிறுத்தியிருக்கக் கூடாது' என்றால் கண்டனம். 'நிறுத்தியிருக்க மாட்டான்' என்றால் ஊகம். 'நிறுத்தியிருக்க வேண்டியதில்லை' என்றால் வீண் வேலை. மூன்றும் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. ஆங்கிலமும் அப்படியொன்றும் பளிங்கு அல்ல. 'ஹி ஷுட் ஹேவ் அரைவ்ட் பை நவ்' என்பது இந்நேரம் வந்திருப்பார் என்ற எதிர்பார்ப்பா, வராமல் போனாரே என்ற குறையா என்பது இடத்தைப் பொறுத்தது. 'குட் ஹேவ்' என்பதற்கும் இதே இரட்டை முகம் உண்டு.

பழந்தமிழில் இதற்கென்றே ஓர் இடைச்சொல் இருந்தது. 'மன்' என்ற சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் வகுக்கிறது தொல்காப்பியத்தின் இடையியல். கழிவு என்பது கழிந்துபோனதைக் குறித்த இரக்கம். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாட்டில் இந்த 'மன்' திரும்பத் திரும்ப வருகிறது. அவன் இப்படியெல்லாம் தருவான், இனி இல்லை என்ற இழப்பு முழுவதையும் ஓர் ஓரசைச் சொல் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தின் 'வுட்' அந்த இடத்துக்கு ஏறக்குறைய வந்து சேரும், ஆனால் அதில் அழுகை இல்லை. நாம் பேச்சில் 'மன்'னைத் தொலைத்துவிட்டு 'இருக்க வேண்டும்' என்பதன் தலையில் எல்லாச் சுமையையும் ஏற்றினோம்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு அதே வட்டாரத்தில் ஒரு சாட்சி உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை விசாரிக்க இரண்டு ஆணையங்கள் தேவைப்பட்டன. நீதிபதி வர்மா ஆணையம் பாதுகாப்பில் நேர்ந்த குறைபாடுகளை ஆராய்ந்தது. நீதிபதி ஜெயின் ஆணையம் சதியின் பின்னணியை ஆராய்ந்தது. முன்னதன் கேள்வி, என்ன செய்திருக்க வேண்டும், ஏன் செய்யவில்லை என்பது. பின்னதன் கேள்வி, யார் செய்திருக்க வேண்டும் என்பது. தமிழில் இரண்டு கேள்விகளும் ஒரே வினைமுற்றில் முடிகின்றன. ஆனால் இரண்டு ஆணையங்களின் வேலையும் ஒன்றென்று எவரும் மயங்கவில்லை. ஒரு பயிற்சித் தொழிலாளியின் கடிதத்துக்கு அந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்திருந்தால் போதும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கியபின் இந்தச் சாலைகளின் ஓரம் கொரியர்களும் ஜப்பானியர்களும் வந்தார்கள், தைவானின் கைபேசித் தொழிற்சாலை வந்தது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். யாருக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில்தான் பலரும் கோப்பு எழுதுகிறார்கள். இந்தியில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. 'ரோக்னா சாஹியே தா' வேறு, 'ரோக்கா ஹோகா' வேறு. தமிழ்ப் பையன்தான் மாட்டிக்கொள்கிறான்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் இந்தத் துணைவினைகளை ஓர் அட்டவணையாகத் தருகிறார்கள். ஷுட் ஹேவ், குட் ஹேவ், மஸ்ட் ஹேவ், பக்கத்திலேயே வினையின் மூன்றாம் வடிவம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எது தன்னைக் குற்றவாளியாக்கும், எது தன் மறதியைச் சொல்லும் என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. மெமோவுக்குப் பதில் எழுதும் பயிற்சியாகவே இதைக் கற்பிக்கலாம். உடைந்த அச்சையும் எரிந்த மோட்டாரையும் வைத்துக் கற்பித்தால் ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

ஆனால் முழுப் பொறுப்பையும் அந்தப் பையன்களின் ஆங்கிலத்தின்மேல் சுமத்துவது நியாயமில்லை. நிலையாணைகளை ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. விதி தொழிலாளியின் மொழியில் இறங்கி வர வேண்டுமென்றால், அவனுடைய பதில் மேலே போகும்போது அவன் எழுதிய தமிழும் கூடவே போவதுதானே முறை? மூலத்தை மொழிபெயர்ப்போடு சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும். ஐயம் வந்தால் முடிவெடுக்கும் முன் எழுதியவனைக் கூப்பிட்டு, தம்பி, நிறுத்தினாயா, நிறுத்தாமல் விட்டாயா என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அவன் இப்போது வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறான். போன மாதம் தொலைபேசியில் பேசினான். மெஷினை நிறுத்திய நேரத்தை ஷிஃப்ட் முடிவில் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்கிறானாம்.