நான் படித்த மூன்று நாவல்கள்

நான் புலமை மிக்கவன் அல்லன். வேலை முடிந்தபின் நாவல் படிப்பவன். மனத்திற்பட்டதைக் கூறுகிறேன்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள். வந்தியத்தேவனோடு குதிரையேறிவிட்டால் இறங்க மனம் வராது. ஆயினும் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாரென ஐயமறத் தெரியாமலே கதை முடிவது எனக்கு ஏமாற்றமே.

அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நம் நாட்டு ரப்பர்த் தோட்டக் கதை. நோக்கம் உயர்ந்தது, ஆனால் மாந்தர் சிலவிடத்து மேடையேறியவர் போலப் பேசுகின்றனர்.

என் நெஞ்சை உலுக்கியது 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நூல், இரா. முருகவேள் 2007இல் தமிழாக்கினார். முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் மேஸ்திரி (நம் பக்கத்தில் கங்காணி), ஆண்டு முடிந்தும் தீராத கடன், மலைக்காய்ச்சல்: கருப்பனும் வள்ளியும் பட்ட பாடு நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டதுதானே! 2013இல் வந்த 'பரதேசி' படத்தைப் பார்த்ததே போதும் என்பர் சிலர். போதாது, படக்கதை பெரிதும் வேறு.

பெற்றோர்களே, நாவல் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று இந்நூலை ஒதுக்கிவிடாதீர்கள். சில பகுதிகள் சிறுவர் படிக்கத் தக்கனவல்ல என்பது உண்மையே. ஆகவே முதலில் நீங்கள் படியுங்கள். பின்னர் தக்க பகுதிகளை மாலைதோறும் கதையாகச் சொல்லுங்கள். கொழுந்துக் கூடையின் கனம் உங்களுக்குத் தெரியும்.