புதுக் கார் ஒழுகினால் யார் பொறுப்பு?

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது திமிரி. அங்கே நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். சீட்டுப் பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, மீதிக்குப் பாங்கியில் கடன் வாங்கிப் புதிதாக ஒரு கார் வாங்கினார்கள். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மூன்றாவது மாதம், காலையில் கோலம் போட வந்த அம்மாள், கார் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். எண்ணெய்!

கார் விற்ற கம்பெனியின் பட்டறைக்கு வண்டி போயிற்று. "நட்டை முறுக்கிவிட்டோம், இனி வராது" என்றார்கள். வந்தது. மறுபடி போனார்கள். "பேக்கிங் மாற்றிவிட்டோம்" என்றார்கள். அடுத்த மாதம் மறுபடியும் பொட்டு! மூன்றாம் தடவை போனபோது, "இது ஒழுகல் இல்லை சார், லேசாக வேர்க்கிறது. எல்லா வண்டியிலும் உள்ளதுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாள் கேட்டார்: "சந்தையில் வாங்கிய பானை ஒழுகினாலே திருப்பிக் கொடுத்து வேறு வாங்குகிறோம். இத்தனை லட்சம் கொடுத்த வண்டி ஒழுகினால் வேர்வை என்கிறார்களே, இது என்ன நியாயம்?"

நியாயமான கேள்வி. நாமும் அதையே கேட்கிறோம்.

எண்ணெய் குறைந்தால் என்ன ஆகும்?

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது எண்ணெய்தான். சிறிய காரின் எஞ்சினில் 3 முதல் 4 லிட்டர் எண்ணெய் இருக்கும். அளவுக் கம்பியில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே உள்ளது சுமார் 1 லிட்டர்தான். கீழ் கோட்டுக்கும் கீழே எண்ணெய் போய்விட்டால் ஆபத்து. ஓடும்போது எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால், "அடுத்த ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டவே கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, ஆயிரக்கணக்கில், ஏன், லட்சத்திலும் போய் நிற்கும்.

சரி, ஒரே ஒழுகல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

எண்ணெய் சொட்டும் இடம் வேறு. அது புறப்படும் இடம் வேறு. மேலே மூடியின் ஓரத்தில் கசிந்த எண்ணெய், எஞ்சின் உடம்பெல்லாம் வழிந்து, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, அடியில் ஏதோ ஒரு நட்டின் நுனியிலிருந்து சொட்டும். பார்ப்பவர் அந்த நட்டை முறுக்குவார். கசிவு அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எஞ்சினுக்குள் உண்டாகும் புகையும் காற்றும் வெளியேற ஒரு மூச்சுக் குழாய் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாக வெளியே பிதுக்கும். குழாய் அடைப்பை எடுக்காமல் சீலை மட்டும் பத்துத் தடவை மாற்றினாலும் பலன் இல்லை.

கெட்டிக்கார மெக்கானிக் முதலில் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடைப்பார். எண்ணெயில் ஒருவகைச் சாயத்தைக் கலந்து, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, அதற்கென்று உள்ள நீல விளக்கை அடித்துப் பார்ப்பார். கசியும் இடம் பளிச்சென்று தெரியும். இதற்கு நேரம் ஆகும். நட்டை முறுக்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சினின் பின்பக்கத்துச் சீல் என்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இலவச வேலைக்கு அவ்வளவு பாடு படுவானேன் என்ற எண்ணம் சில பட்டறைகளுக்கு இருக்கிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது!

ஒரு காலத்தில் எஞ்சின் சீல்களைத் தோலில்தான் செய்தார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அடிபம்பில் தோல் வாஷர் தேய்ந்தால் தண்ணீர் ஏறாது என்பது நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிறகு ரப்பர் சீல் வந்தது. அம்பாசடர் காலத்தில் எண்ணெய்ப் பொட்டு இல்லாத கார் ஷெட்டைப் பார்ப்பது அரிது. அடியில் ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த அம்பாசடர் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. அந்தக் காலத்துச் சமாதானத்தை இந்தக் காலத்துக் காருக்குச் சொன்னால் எப்படி?

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வாரண்டி என்பது கம்பெனி காட்டும் கருணை அல்ல. நாம் கொடுத்த விலைக்குள் அடங்கிய வாக்கு. ஆனால் வாய்ச் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை, காகிதத்துக்குத்தான் மதிப்பு.

திமிரிக் குடும்பம் ஏமாந்ததும் இங்கேதான். மூன்று தடவை வண்டியை விட்டார்கள். மூன்று தடவையும் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். முழுவதும் இங்கிலீஷ். பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னபோது உண்மை தெரிந்தது. "எண்ணெய் ஒழுகல்" என்ற பேச்சே அதில் இல்லை! "பொதுப் பரிசோதனை" என்று இரண்டு சீட்டில் இருந்தது. "வாடிக்கையாளர் திருப்தி" என்று மூன்றாவதில் இருந்தது. அதற்குக் கீழேதான் அவருடைய கையெழுத்து.

தமிழ்நாட்டில் கார் விற்கிறவர்கள் விளம்பரத்தைத் தமிழில் போடுகிறார்கள். வேலைச் சீட்டை மட்டும் ஏன் தமிழில் போடக் கூடாது? போட்டாக வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட வேண்டும் என்பது நம் கருத்து.

அதுவரை, புகாரை நீங்களே உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள். "எஞ்சின் எண்ணெய் ஒழுகுகிறது. இது மூன்றாம் தடவை" என்று எழுதி, தேதியும் கிலோமீட்டரும் போட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். சீட்டின் நகலை வாங்காமல் வரவேண்டாம். சரியாகிவிட்டது என்று கண்ணால் பார்க்கும்வரை "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்து வேண்டாம். வீட்டில் இரவு காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், பயமில்லை. பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். பச்சை அல்லது ரோஜா நிறம் என்றால் ரேடியேட்டர் நீராக இருக்கலாம்.

நம் பக்கமும் ஒழுங்கு வேண்டும். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாதவரிடம், "நீங்கள்தான் வண்டியைப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று கம்பெனி சொன்னால் பதில் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. புதிய சட்டத்தில் ஒரு பெரிய வசதி. கம்பெனி சென்னையில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 200 ரூபாய். கோளாறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம். டாக்சி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கும் இந்தச் சட்டம் உதவும்.

ஆனால் கார் ஒழுகினால் புதுக் கார் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மாருதி கார் வழக்கு ஒன்றில் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு, வாரண்டிப்படி பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவது அல்லது மாற்றித் தருவதுதான் கம்பெனியின் கடமை, காரையே மாற்ற வேண்டியதில்லை என்று கூறியது. 2010-ல் பியட் கார் வழக்கில் அதே கோர்ட்டு, தனி நிபுணர் சோதித்து, தயாரிப்பிலேயே குறை என்று சொன்னால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே எல்லாம் நிபுணர் அறிக்கையையும், கையிலுள்ள வேலைச் சீட்டுகளையும் பொறுத்தது.

திமிரிக் குடும்பம் நான்காம் தடவை போனது. இந்தத் தடவை மகளும் கூடப் போனாள். புகாரை அவளே தமிழில் எழுதினாள். மூன்று அட்டைகளையும் மேஜைமேல் வைத்தாள். மானேஜர் வந்து பார்த்தார். வண்டியை ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள். கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்கத்துச் சீலை மாற்றினார்கள். காசு வாங்கவில்லை.

இரண்டு மாதமாக வாசலில் பொட்டு இல்லை. அம்மாள் மட்டும் இன்னும் இரவில் அட்டை விரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.