தலையை வெட்டு... தட்டுல வை!

காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல மேஜிக் ஷோன்னா முதல் வரிசையில இடம் பிடிக்கிற ஆளா நீங்க? ‘அந்தக் கையைப் பாருடா, அந்தக் கையை!’னு பக்கத்து சீட் நண்பனை இடிக்கிற கோஷ்டியா? அப்படின்னா இந்த வாரப் புத்தகம் உங்களுக்குத்தான்.

பெயர், ‘தி டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்’. 1584-ல் லண்டனில் வெளியானது. எழுதியவர் ரெஜினால்ட் ஸ்காட். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வாழ்ந்த ஒரு கிராமத்துப் பெரிய மனிதர். மேஜிக் நிபுணரெல்லாம் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி இவர் எழுதின புத்தகம் எதைப் பத்தி தெரியுமா? பீருக்குப் போடுற ஹாப்ஸ் கொடியை வளர்ப்பது எப்படி என்பதைப் பத்தி!

அப்படிப்பட்டவர் ஏன் மேஜிக் பக்கம் வந்தார்? அங்கேதான் இருக்கு மேட்டர்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சூனியம் வைப்பது சட்டப்படி குற்றம். சூனியத்தால் ஆளைக் கொன்றதாகத் தீர்ப்பானால் தூக்கு. 1582-ல் எசெக்ஸ் பகுதியின் செயின்ட் ஓசித் கிராமத்தில் பல பெண்கள் மீது வழக்கு. இரண்டு பேர் தூக்கில் தொங்கினார்கள். யார் இந்தச் ‘சூனியக்காரிகள்’? ஸ்காட் கவனித்துப் பார்த்தார். பெரும்பாலும் வயசானவங்க, ஏழைங்க, நடக்க முடியாதவங்க. வீடு வீடாகப் போய்ப் பாலோ கஞ்சியோ கேட்பார்கள். இல்லைன்னு விரட்டினா முணுமுணுத்துக்கிட்டே போவாங்க. அடுத்த வாரம் அந்த வீட்டு மாடு செத்தால்... போச்சு! ‘கிழவி சாபம் விட்டுட்டா!’

ஸ்காட் நாத்திகர் இல்லை, நல்ல பக்திமான். ‘புயலையும் நோயையும் ஒரு கிழவி கிளப்ப முடியும்னு நம்பறது கடவுளுக்கே அவமரியாதை இல்லையா?’ என்பது அவர் வாதம். ‘அப்போ நம்ம கண்ணால பார்க்கிற அதிசயம்?’னு ஜனங்க கேட்பாங்களே? அதுக்குப் பதிலாகத்தான் வித்தைக்காரர்களிடம் போய்த் தொழில் ரகசியங்களைக் கற்றுக்கொண்டு, படம் போட்டு அச்சில் ஏற்றிவிட்டார்.

படங்களைப் பார்த்தால் அசந்துடுவீங்க. நடுவில் வளைவு வெட்டிய கத்தி. கைமேல் மாட்டினால் குறுக்கே பாய்ந்த மாதிரி தெரியும். உள்ளே கூடு விட்ட பிடியுள்ள ஊசி. நெற்றியில் குத்தினால் ஊசி பிடிக்குள்ளே ஓடிவிடும். எல்லாத்துக்கும் மேலே, தலையை வெட்டித் தட்டில் வைக்கிற வித்தை! மேஜையில் இரண்டு ஓட்டை, இரண்டு பையன்கள். மேலே படுத்திருப்பவன் தலையை ஓட்டைக்குள் விட்டுக்கொள்வான். கீழே உட்கார்ந்திருப்பவன் தட்டின் நடுவே தலையை நீட்டுவான். வெட்டின இடம் நிஜமாகத் தெரியணுமே? அதுக்கு மாட்டு ரத்தத்தில் பிசைந்த மாவு. முகம் வெளிறிப்போக கந்தகப் புகை!

ஒரு விபரீதத்தையும் சொல்கிறார். வயிற்றில் கத்தி குத்திக்கொள்ளும் வித்தைக்குப் பொய் வயிறு கட்டிக்கணும். லண்டனில் ஒரு வித்தைக்காரர் குடிபோதையில் அதைக் கட்ட மறந்துவிட்டார். கத்தி மட்டும் மறக்காமல் இறங்கியது. ஆள் காலி.

இதை வெச்சுப் பிழைக்கிற ஏழைங்க வயித்துல அடிக்கிறோமே என்று ஸ்காட்டுக்கு வருத்தமும் இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வித்தைக்காரர்கள் மீது அவருக்குக் கோபமில்லை. ‘இது வெறும் கைவேலை’ என்று ஒப்புக்கொள்கிறவரை அது நல்ல பொழுதுபோக்கு. ‘எனக்கு சக்தி இருக்கு’ன்னு சொல்ற நிமிஷத்துல அது மோசடி.

புத்தகம் ஜெயித்ததா? உடனே இல்லை. 1597-ல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், பேய் பிசாசைப் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதி, அதன் முன்னுரையில் ஸ்காட்டைப் பெயர் சொல்லித் தாக்கினார். 1603-ல் அவரே இங்கிலாந்துக்கும் மன்னர். அடுத்த வருஷம் சட்டம் இன்னும் கடுமையானது. அது ரத்தானது 1736-ல். ஸ்காட் 1599-லேயே இறந்துவிட்டார். தன் கட்சி ஜெயித்ததை அவர் பார்க்கவே இல்லை.

‘அது அந்தக் காலம்’னு தள்ளிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். சூனியக்காரின்னு பட்டம் கட்டி பெண்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க பீகாரில் தனிச் சட்டம் வந்தது 1999-ல். அங்கேயும் மாட்டினது ஏழைகளும் விதவைகளும்தான்.

போகறதுக்கு முன்னாடி ஸ்காட் சொல்லித்தர்ற ஒரு வித்தை. வலது கையில் காசு. இடது கையில் போடுவது போல் போட்டு, வலது உள்ளங்கையிலேயே இடுக்கிக்கோங்க. இடது கையை மூடுங்க. முக்கியமான விஷயம், நீங்களும் இடது கையையே பாருங்க. உங்க கண் போற இடத்துக்குத்தான் எதிரே இருப்பவர் கண்ணும் போகும். கண்ணாடி முன்னால் நூறு தடவை பழகிட்டு தங்கச்சிகிட்ட காட்டுங்க.

அவ ‘எப்படிண்ணா?’ன்னு கேட்டா, மந்திரம்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொல்லிக்கொடுத்துடுங்க. நாளைக்கு யாராவது காற்றிலிருந்து விபூதி வரவழைச்சா, அவ இன்னொரு கையைப் பார்ப்பா!